ஏற்றியவர் முதலில் சுட வேண்டும்

ஜனவரி 6

உரக்கடையில் புது டைரி கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் ஒரு மாடு சிரிக்கிறது. போன வருஷ டைரியில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள்தான். இந்த வருஷமாவது ஒழுங்காக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், பார்ப்போம்.

மலையில் ஏலக்காய் கடைசி எடுப்பு நடக்கிறது. இவர் காலையில் ஜீப்பில் தோட்டத்துக்குப் போய், ஏலக்காய் காய்கிற ஸ்டோரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மத்தியானம் போடிக்கு இறங்கி வந்தார். வரும்போது தேங்காய் வாங்கி வந்தார். நேற்றும் வாங்கி வந்தார். முந்தாநாளும் வாங்கி வந்தார். பொங்கலுக்கு ஊருக்கே சட்னி அரைக்கலாம்.

ஜனவரி 9

இன்றைக்குத் தோட்டாவின் பழைய பித்தளைக் கூடுகளை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தார். மாசி மாதம் ரைபிள் கிளப் போட்டி வருகிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வீட்டுப் பாத்திரத்துக்கு இப்படி ஒரு நாளாவது புளி போட்டிருப்பாரா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

போட்டியில் பழங்காலத்து ரைபிள்களுக்குத்தான் அனுமதி. எங்கள் வீட்டு ரைபிள் இவருடைய பாட்டனார் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. கருமருந்து என்கிற பழைய வெடிமருந்துக்காகச் செய்த துப்பாக்கி. ஆனால் கருமருந்து போட்டால் ஒரே புகை, குழாயெல்லாம் கரி, சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு. அதனால் கிளப்பில் இப்போது எல்லோரும் புகையில்லா மருந்துக்கு மாறிவிட்டார்கள். இந்தக் கிழட்டுத் துப்பாக்கிகளுக்குத் தயாராக எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காது. வீட்டிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் அதை நம்பி ஒப்படைக்கிற கை இவருடைய கைதான். தனக்கும் ஏற்றுவார், தம்பி போத்திராசாவுக்கும் ஏற்றிக் கொடுப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். கருமருந்தை ஊற்றினால் கூடு வாய்வரை நிறைந்துவிடும். மறந்துபோய் இன்னொரு தடவை ஊற்றினாலும் வழிந்துவிடும், தெரிந்துவிடும். புகையில்லா மருந்துக்கு வேகம் அதிகம். அடியில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் கிடந்தால் போதும், மீதியெல்லாம் வெற்றிடம். இரண்டாம் தடவை ஊற்றினாலும் வழியாது, சுடும்போது துப்பாக்கிதான் தாங்காது. மருந்து அங்கே இங்கே உருளாமல் இருக்க மேலே இலவம்பஞ்சு வைத்து அமுக்கி, அதற்கு மேல் ஈயக் குண்டு. பஞ்சு என் இலாகா. கொட்டை எடுத்து, தூசி தட்டி, உதிரி உதிரியாகக் கொடுக்க வேண்டும். தலையணைக்குப் போடுகிற பஞ்சு துப்பாக்கிக்கும் ஆகிறது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆச்சரியம் உண்டு.

ஜனவரி 13

மகள் தமயந்தி பொங்கலுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாகத் தோட்டத்து நாய்க்கு ஊசி போட்டாள். மாட்டு டாக்டர் வீட்டுக்கு வந்தால் வேறு என்ன நடக்கும்.

இந்த வருஷம் வீட்டு ரைபிளைத் தான்தான் சுடப்போவதாகச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். கண் மங்கிவிட்டதால் இரண்டு வருஷமாக இவர் போட்டியில் சுடுவதில்லை, ஏற்றிக் கொடுப்பதோடு சரி. ஆனாலும் முதல் குண்டு இவர்தான் போடுவார். அது கிளப் வழக்கம். மருந்து ஏற்றியவர் முதலில் சுட வேண்டும். ஆரம்ப காலத்தில் யாரோ ஏற்றிக் கொடுத்த தோட்டாவில் இன்னொருவர் துப்பாக்கி வெடித்துக் கை போய்விட்டதாம். ஏற்றியவர் அந்த நேரம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குப் போட்ட விதி. போட்டியன்று செயலாளர் எல்லோர் முன்னாலும் “ஏத்துனது யாரு?” என்று கேட்பார். ஏற்றியவர் தன் பேரைச் சொல்லி முன்னால் வந்து, தனியாக நின்று ஒரு குண்டு சுடுவார். மற்றவர்கள் மண்மேட்டுக்குப் பின்னால் நிற்பார்கள்.

ஜனவரி 15

பொங்கல் நன்றாகப் பொங்கியது. இவர் வெல்லம் போட்டார். நான் முறம் எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் மறுபடியும் போட்டிருக்கிறார். போத்திராசா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “மதினி, சர்க்கரை வியாதிக்காரன கொல்லணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார்.

ஜனவரி 18

தமயந்தி கிளம்பினாள். இவர் பஸ் ஸ்டாண்டு வரை போனார். பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று தடவை கேட்டாராம். போனில் சொன்னாள். வயசானா அப்படித்தான் என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை.

ஜனவரி 23

கண்மாயில் பயிற்சிக்குப் போனார்கள். தண்ணீர் வற்றிய இடத்தில்தான் கிளப் சுடுகிறது. இவர் முதல் குண்டு போட்டார், சரியாகப் போனது. பிறகு போத்திராசா தன் துப்பாக்கியில் சுட்டார். ஒரு குண்டு மட்டும் தோளில் மோதி அடித்ததாம். கூடு உள்ளேயே இறுகிப்போய், கம்பி விட்டுத் தட்டித்தான் வெளியே எடுத்தார்களாம். “அண்ணே, இந்தத் தடவ காரம் ஜாஸ்தி” என்று சாப்பிடும்போதும் கேலி செய்துகொண்டிருந்தார். பழைய பித்தளை, உப்பிவிட்டது என்றார் இவர்.

அந்தக் கூட்டைக் கழுவ என்னிடம் கொடுத்தார்கள். உப்பியிருந்தது உண்மைதான்.

ஜனவரி 24

இவருடைய பிரஷர் மாத்திரை அட்டையில் கணக்குக்கு ஒன்று குறைகிறது.

ஜனவரி 27

மருந்து ஏற்றும் அறையில் ஆட்கள் இருந்தால் இவருக்குப் பிடிக்காது. பேச்சு கூடாது, ரேடியோ கூடாது, போன் வந்தால் எடுக்கக் கூடாது. நான் பஞ்சை அங்கேயே உட்கார்ந்து உதிர்க்கிறேன், வெளியே காற்றில் பறக்கிறது என்றேன். ஒரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பல்லாங்குழி மாதிரி ஒரு பலகை. குழிக்கு ஒரு கூடு. மருந்து ஊற்றாத கூடு கவிழ்ந்து நிற்க வேண்டும், ஊற்றுகிறபோதுதான் நிமிர்த்த வேண்டும். இவரே வகுத்த முறை. இன்றைக்கு எல்லாவற்றையும் முதலிலேயே நிமிர்த்தி வைத்துக்கொண்டார். வரிசையாகச் சின்னக் கரண்டியால் ஊற்றிக்கொண்டு வந்தார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கரண்டியை எடுத்தார். கடைசியாக ஊற்றின அதே கூட்டில் ஊற்றினார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பஞ்சு கேட்டார். கொடுத்தேன்.

ஜனவரி 28

தோட்டாப் பெட்டியை எடுத்து அரிசி டிரம்மில் போட்டு மேலே அரிசி மூடினேன். வேறு எதுவும் தோன்றவில்லை. மூடுவதற்கு முன்னால், தோட்டாவைக் குலுக்கிப் பார்த்தால் சத்தம் வருமா என்று ஒவ்வொன்றாகக் குலுக்கினேன். பஞ்சு இருப்பதால் சத்தம் வராது. எது அந்தத் தோட்டா என்று அடையாளமும் இல்லை, எல்லாம் ஒரே முகம். முதல் குண்டை இவர் சுட்டு அது நல்லபடியாகப் போனாலும், அடுத்தது தமயந்தி கையில் அல்லவா இருக்கும்.

மத்தியானம் கீரைக் கூட்டு வைத்தேன். உப்பு போட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்து ருசி பார்த்தேன். போட்டிருந்தேன்.

ஜனவரி 30

பெட்டியைத் தேடுகிறார். என்னிடம் கேட்கவில்லை. பீரோ, ஜீப் சீட்டுக்கு அடியில், பூஜை அலமாரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. தோட்டத்துக்குப் போய் ஸ்டோரிலும் தேடியிருக்கிறார். மேஸ்திரி போன் செய்து ஐயா என்ன தேடுறாரு என்று கேட்டார்.

பிப்ரவரி 1

பிரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன வேண்டும் என்றேன். தண்ணி என்றார். தண்ணீர் எடுக்காமலே மூடினார்.

பிப்ரவரி 2

காலையில் காப்பி குடிக்கும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கயலு, தோட்டாப் பொட்டிய எங்கயோ வச்சுட்டேன். வச்ச நெனப்பே இல்ல. எனக்கு என்னமோ ஆயிருச்சு.”

முப்பது வருஷத்தில் இந்த மனிதர் தோளைத் தொங்கப் போட்டு நான் பார்த்ததில்லை. தேடிப் பார்ப்போம் என்றேன்.

இந்த வருஷம் போட்டிக்குப் போக வேண்டாம், இனிமேல் ஏற்றவும் வேண்டாம், பெட்டியையே தொலைக்கிறவன் மருந்தைத் தொடக் கூடாது என்று அவராகவே சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் எதைச் சொல்ல முடியாமல் தவித்தேனோ அது ஒரு வார்த்தை பேசாமலே நடந்துவிட்டது. டிரம்மைத் திறக்காமல் இருந்தால் போதும். தமயந்தி பிழைத்தாள், நான் பிழைத்தேன், வீட்டில் சண்டை இல்லை.

பிப்ரவரி 3

ஒரு வேலையும் ஓடவில்லை. இவர் பின்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். போத்திராசா வந்தார், தலைவலி என்று அனுப்பிவிட்டார். ஜீப் சாவியை என்னிடம் கொடுத்து, நீயே வச்சுக்கோ, நான் எங்கயாச்சும் போட்டுருவேன் என்றார்.

சாவியை இவர் ஒரு நாளும் தொலைத்ததில்லை. பெட்டியையும் தொலைக்கவில்லை. செய்யாத தப்புக்கு இவரைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4

காலையில் டிரம்மிலிருந்து பெட்டியை எடுத்தேன். அரிசியைத் தட்டிவிட்டு இவர் முன்னால் வைத்தேன். நான்தான் ஒளித்து வைத்தேன் என்றேன். பெட்டியின் இடுக்கில் இருந்த இரண்டு அரிசியை விரலால் எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு எதற்கு என்று கேட்டார்.

“ஒரு கூட்டுல ரெண்டு தடவ ஊத்துனீங்க. பாத்தேன்.”

“பாத்துட்டுப் பஞ்சு குடுத்தியா?”

“குடுத்தேன்.”

தேங்காய், வெல்லம், மாத்திரை எல்லாம் சொல்லத்தான் நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

பிப்ரவரி 5

பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார். தோசை கருகியிருந்தது, அதையும் சாப்பிட்டார். கோபம் என்றால் கருகினதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

பிப்ரவரி 7

போத்திராசாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். உப்பின கூட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். கேலி எதுவும் வரவில்லை. “அண்ணன் ஏத்துனத இதுவரைக்கும் நான் திருப்பிப் பாத்ததே இல்ல மதினி” என்றார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் திருப்பி அனுப்பினார்.

பிப்ரவரி 9

இவராக வந்து என்னைக் கூப்பிட்டார். பெட்டியை அறைக்குக் கொண்டுபோய் நியூஸ்பேப்பர் விரித்திருந்தார். தோட்டாவைப் பிரிப்பதற்குச் சுத்தியல் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். உள்ளே தோட்டாவை மாட்டித் தரையில் நாலு தட்டு தட்டினால் குண்டு கழன்றுவிடும். இவர் தட்டினார். நான் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மருந்தைப் பேப்பரில் தனித்தனிக் குவியலாகக் கொட்டினேன். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக வந்தது.

எல்லாம் முடிந்ததும் இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு குவியல் மட்டும் உயரமாக இருந்தன.

“ஒண்ணு நீ பாத்தது. இன்னொண்ணு?” என்றார்.

அந்த இன்னொன்றை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் அந்தக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழுவாரோ என்று பயமாக இருந்தது. அழவில்லை. எனக்குத்தான் அடுப்படிக்குப் போனதும் அழுகை வந்தது.

பிப்ரவரி 10

தமயந்தியிடம் போனில் எல்லாம் சொன்னேன். முதலில் சத்தம் போட்டாள், பிறகு அவளும் அழுதாள். மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம், அடுத்த வாரம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள். இவரிடம் போனைக் கொடுத்தேன். உம், உம் என்று கேட்டுவிட்டு, நாய்க்கு அடுத்த ஊசி எப்போது என்று கேட்டார்.

பிப்ரவரி 11

“நீ ஊத்து. நான் பாத்துக்கிறேன்” என்றார்.

எனக்குக் கை நடுங்கும், வேண்டாம் என்றேன். நடுங்கட்டும், நடுங்குகிற கைக்கு ஞாபகம் இருந்தால் போதும் என்றார். தமயந்தி போட்டியில் சுடப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவளை ஏமாற்றக் கூடாது என்றும் சொன்னார்.

கூடுகளைக் கவிழ்த்து வைத்தார். ஒன்றை நிமிர்த்துவேன், தராசில் நிறுத்த மருந்தை ஊற்றுவேன், உடனே டார்ச் விளக்கை அடித்து இரண்டு பேரும் உள்ளே பார்ப்போம், பஞ்சு, குண்டு. அது முடிந்து பெட்டிக்குப் போனபிறகுதான் அடுத்த கூடு நிமிரும். இந்த மனிதருக்குக் கீழே வேலை செய்வது பெரும் கஷ்டம். பஞ்சு அதிகம் என்றார், குறைவு என்றார், மூச்சு விடாதே என்றார். மருமகளாக வந்த புதிதில் மாமியார்கூட என்னை இப்படி வேலை வாங்கியதில்லை. சொன்னேன். சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்க்கிறேன்.

பாதியில் எழுந்து போய், திரும்பி வந்து, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். பாதி ஆயிருச்சுங்க என்று பெட்டியைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையாட்டி உட்கார்ந்தார்.

பிப்ரவரி 15

தமயந்தி வந்துவிட்டாள். நாளைக்குப் போட்டி. இட்லிக்கு மாவு ஆட்டியாகிவிட்டது. தோட்டா, ரைபிள், காதுக்குப் பஞ்சு, தண்ணீர்க் குடம் எல்லாம் ஜீப்பில்.

முதல் குண்டை இவர்தான் சுடுவார். பித்தளை தேய்த்தது, ஈயம் வார்த்தது, ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்த்தது எல்லாம் இவர். கரண்டி பிடித்தது மட்டும்தான் நான். கேட்டால் இவர் சுருளிவேல் என்று தன் பேரைச் சொல்லுவார், அதில் பொய்யும் ஒன்றும் இல்லை. ஊரார் முன்னால் இவர் தலை குனியாமல் இருந்தால் எனக்குப் போதும்.

பிப்ரவரி 16

கண்மாயில் பந்தல் போட்டிருந்தார்கள். கிளப்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். செயலாளர் லூர்துசாமி மைக்கில்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். எங்கள் முறை வந்தது. தமயந்தி ரைபிளோடு நின்றாள். லூர்துசாமி இவர் பக்கம் திரும்பிக்கொண்டேதான் கேட்டார். வருஷா வருஷம் ஒரே பதில் என்பதால் பாதிப் பேர் மண்மேட்டை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏத்துனது யாரு?”

இவர் வேட்டியை மடித்துக் கட்டியவர் அப்படியே நின்றார். பேர் மறந்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன்.

“ஏத்துனது என் சம்சாரம். அங்கயற்கண்ணி” என்றார்.

யாரோ சிரித்தார்கள். சுருளிவேல் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். லூர்துசாமியும் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். போத்திராசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நெசமாத்தான். எனக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவ ஊத்திப்புட்டேன். அதனால அவ ஊத்துனா. விதிப்படி அவதான் சுடணும்.”

இவர் தலை குனியவில்லை. நான்தான் குனிந்து நின்றேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். எல்லோரையும் மேட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். இவர் மட்டும் போகவில்லை. விதிப்படி ஏற்றியவர் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றார் லூர்துசாமி. நானும் விளக்கடித்துப் பார்த்தவன்தான் என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். தோளில் துப்பாக்கிக் கட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று என் ரவிக்கைத் தையலில் தொட்டுக் காட்டினார். இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கண்ணை மூடாதே என்றார்.

கண்ணை மூடித்தான் சுட்டேன். குறிப்பலகைக்கும் என் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கரையில் எங்கேயோ மண் பறந்ததாம். துப்பாக்கி முழுசாக இருந்தது, என் கையும் முழுசாக இருந்தது. கூடு சுலபமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தமயந்தியிடம் ரைபிளைக் கொடுத்தார்.

அவள் மூன்றாவதாக வந்தாள். லூர்துசாமி அடுத்த வருஷம் தனக்கும் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மருந்து ஏற்றுகிற பெஞ்சு அவருடையது, அவரைக் கேளுங்கள் என்றேன்.

பிப்ரவரி 17

வலது தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. கை தூக்க முடியவில்லை, இதையே இடது கையால்தான் எழுதுகிறேன். தமயந்தி சமைத்தாள். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகிறோம்.

சாயங்காலம் இவர் தைலத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து தோளில் தேய்த்துவிட்டார். மெதுவாக, நன்றாகத் தேய்த்தார். கை கழுவிவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றார்.

பிறகு தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு மறுபடியும் வந்தார். ரொம்ப வலிக்குதா, கொஞ்சம் தேச்சு விடவா என்று கேட்டார். ஆமாம் என்று தோளைத் திருப்பிக் காட்டினேன்.